ஸ்காபரோவின் சின்ன ரயில்

1985 மார்ச்சில் ஓடத் தொடங்கி 2023 ஜூலையில் நின்றுபோன ஸ்காபரோ ரயிலுக்கு அதிகாரபூர்வமாக இரண்டு பெயர்கள் இருந்தன. முதலில் ஸ்காபரோ ஆர்.ரி., பிறகு மூன்றாம் லைன். எங்கள் வீட்டுப் பெரியவர்கள் இரண்டையும் சொன்னதில்லை. அவர்களுக்கு அது 'சின்ன ரெயின்'. சின்னதுதான். மொத்தம் 6.4 கிலோமீற்றர், ஆறு நிலையங்கள்: கெனடி, லோறன்ஸ் ஈஸ்ட், எல்ஸ்மியர், மிட்லண்ட், ஸ்காபரோ சென்ரர், மக்கவன். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பத்து நிமிடம் சொச்சம். பொதுவாக நான்கு பெட்டிகள். முழங்கால் இடிக்காமல் இருக்க முடியாத இருக்கைகள்.

இவ்வளவு சின்ன ரயிலுக்கு இவ்வளவு பெரிய வரலாறு இருப்பதுதான் வேடிக்கை. அதில் ஒரு ஜெர்மன் கம்பனி வருகிறது, காந்தத்தில் மிதக்கும் வண்டி வருகிறது, கோலாலம்பூர் வருகிறது, பிரிக்ஃபீல்ட்ஸின் யாழ்ப்பாணத்து ஸ்டேஷன் மாஸ்டர்களும் கடைசியில் வருகிறார்கள்.

கதை ஸ்காபரோவில் தொடங்கவில்லை. 1971இல் ஒன்ராறியோவின் முதல்வராக இருந்த பில் டேவிஸ், ரொறன்ரோ நகரின் நடுவே வெட்டப்படவிருந்த ஸ்பாடைனா அதிவேகச் சாலையை நிறுத்தினார். வீடுகளை இடித்து, அக்கம்பக்கங்களைப் பிளந்து ஒரு பெருஞ்சாலை வேண்டாம் என்று மக்கள் போராடியதன் பலன் அது. கனடாவின் நகர வரலாற்றில் அந்த முடிவு ஒரு திருப்புமுனை. ஆனால் சாலை வேண்டாமென்றால் சனம் எதில் போவது? சுரங்க ரயில் விலை கூடியது, பஸ் இடம் போதாதது. இரண்டுக்கும் இடையில் புதிதாக ஏதாவது ஒன்று வேண்டும் என்று டேவிஸ் அரசு எண்ணியது. அதை ஒன்ராறியோவே செய்து உலகத்துக்கு விற்கலாம் என்ற ஆசையும் கூடவே வந்தது. 1972இல் ஒரு திட்டம் அறிவிக்கப்பட்டது. மியூனிக்கின் கிராவுஸ்-மாஃபை கம்பனியின் தொழில்நுட்பத்தில், காந்த விசையில் தண்டவாளத்தைத் தொடாமல் மிதந்து ஓடும் ஆளில்லாச் சிறு வண்டிகள். ரொறன்ரோவின் கண்காட்சித் திடலில் பரீட்சார்த்தப் பாதைக்கான வேலைகள்கூடத் தொடங்கிவிட்டன. 1974இல் ஜெர்மன் அரசு பணத்தை நிறுத்தியதும் கம்பனி கைவிரித்தது. மிதக்கும் ரயில் அத்தோடு தரைதட்டியது.

எஞ்சியது மாகாணம் இதற்கென உருவாக்கியிருந்த அரசு நிறுவனம். அதன் பொறியியலாளர்கள் மிதப்பதை விட்டுவிட்டு, உந்தும் முறையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். கிங்ஸ்ரன் நகருக்கு அருகே மில்ஹேவனில் ஒரு சோதனைப் பாதை அமைத்து, 1970களின் இறுதியில் வண்டியை ஓட்டிப் பார்த்தார்கள்.

அந்த உந்தும் முறையைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனெனில் இந்த ரயிலின் பிறப்பும் இறப்பும் அதில்தான் இருக்கின்றன. வழக்கமான மின்மோட்டார் உருளை வடிவானது, உள்ளே ஒரு பகுதி சுழலும். அந்த உருளையை நெடுக வெட்டி, பாயைப் போல விரித்துப் போட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு பாதி வண்டியின் அடியில் தொங்குகிறது. மறு பாதி, இரு தண்டவாளங்களுக்கும் நடுவில் பாதை நெடுகப் பதித்த உலோகத் தகடு. மேலே உள்ள சுருள்களில் மின்சாரம் பாயும்போது தகட்டில் காந்தப்புலம் தூண்டப்பட்டு, வண்டி முன்னே தள்ளப்படுகிறது. சக்கரத்துக்கு இழுக்கும் வேலை இல்லை, சுமக்கும் வேலை மட்டுமே. அதனால் ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும் என்ற பயமில்லை, சுழலும் மோட்டாரோ பற்சக்கரப் பெட்டியோ இல்லை. காகிதத்தில் மிக அழகானது. ஒரே நிபந்தனை, மேலே தொங்குவதற்கும் கீழே கிடக்கும் தகட்டுக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு விரல் அகலம். மோட்டாரின் பாதியைக் கனடாவின் வெட்டவெளியில், மழையிலும் பனியிலும் கிடத்தி வைத்திருக்கிறோம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதை வாங்க யாராவது முதலில் வர வேண்டுமே. அந்த நேரத்தில் ஸ்காபரோவில் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. 1973இல் திறக்கப்பட்ட நகர மண்டபமும் அதன் அருகே எழுந்த பேரங்காடியும் சேர்ந்த ஒரு புதிய மையத்தைச் சுரங்க ரயிலின் கிழக்கு முனையான கெனடியோடு இணைக்க ரி.ரி.சி. திட்டமிட்டிருந்தது. தனக்கென ஒதுக்கிய பாதையில் ஓடும் ஸ்ரீற்கார், அதாவது ட்ராம். எளிமையான, எல்லோருக்கும் தெரிந்த தொழில்நுட்பம். வேலையும் தொடங்கியாயிற்று. அப்போதுதான் மாகாணம் குறுக்கிட்டது: எங்கள் புதிய வண்டியைப் போடுங்கள், கூடுதல் செலவைப் பார்த்துக்கொள்கிறோம். வெளியூர்களுக்கு விற்க வேண்டிய சரக்கு ஒன்றைச் சொந்த ஊரிலேயே ஒருவரும் வாங்கவில்லை என்றால் எப்படி? ரி.ரி.சி. முழுமனதோடு ஒத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் 1981இல் திட்டம் மாற்றப்பட்டது. செலவு ஏறத்தாழ இரட்டிப்பானது.

ரொறன்ரோவின் மத்திய பகுதியில் இப்படி ஒரு பரிசோதனையைச் செய்திருப்பார்களா என்று நான் அடிக்கடி யோசித்ததுண்டு. ஸ்காபரோ அப்போது தனி நகராட்சி, நகரத்தின் விளிம்பு. தொழிற்சாலைகளும் கிடங்குகளும் அகன்ற சாலைகளும் வரிசையாக நின்ற சிறு வீடுகளும். சத்தம் போட ஆளில்லாத இடத்தில்தான் முதல் பிரதியை ஓடவிடுவது வழக்கம்.

அவசரமாக மாற்றியதன் தழும்புகள் கடைசிவரை தெரிந்தன. கெனடி நிலையத்தில் ஸ்ரீற்கார் திரும்புவதற்கென்று ஒரு வளையம் கட்டப்பட்டிருந்தது. ஸ்ரீற்கார் இடுப்பை வளைத்துத் திரும்பும். இந்த வண்டிக்கு அது முடியவில்லை. சில வருடங்களிலேயே வளையத்தைக் கைவிட்டு, வந்த வழியே பின்னோக்கிப் போகும்படி ஒற்றைத் தண்டவாளமாக மாற்ற வேண்டியதாயிற்று. எல்ஸ்மியரைத் தாண்டி மற்ற ரயில்பாதையின் அடியில் புகுந்து கிழக்கே திரும்பும் சிறு சுரங்கமும் அப்படித்தான். அந்த வளைவு இறுக்கமானது. பிற்காலத்தில் இதே குடும்பத்தில் வந்த நீளமான புதிய பெட்டிகள் அதற்குள் நுழைய முடியவில்லை. பழைய வகைப் பெட்டிகளோ அப்போது செய்யப்படவில்லை. 28 பெட்டிகளோடு தொடங்கியது, அதே பெட்டிகளோடு முடிந்தது.

பனிக்காலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நடுத் தகட்டில் பனி உறைந்தால் ஓடாது, பக்கவாட்டில் மின்சாரம் தரும் தண்டில் பனி படிந்தாலும் ஓடாது. ஜனவரி காலை கெனடியில் இறங்கினால், மேல்தளத்துக்கு ஏறுவதற்கு முன்பே அறிவிப்பு காதில் விழும்: இன்று ஆர்.ரி. இல்லை, பஸ். சுரங்க ரயில் நிலத்துக்குக் கீழே, ஆர்.ரி. மேல்மாடியில். அத்தனை படிகளையும் வேறு வழியின்றி ஏறி இறங்கியவர்களுக்குத்தான் அந்த அறிவிப்பின் முழுப் பொருளும் தெரியும்.

இதற்குள் நம்மவர்கள் வந்துவிட்டிருந்தோம். 1983க்குப் பிறகு கனடா வந்த முதல் அலையில் பலர் ஸ்காபரோவுக்கு வரவில்லை. ரொறன்ரோ நகரின் நடுவே சென்ற் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளில் ஒரே அறைக்குள் நாலைந்து பேராக இருந்தார்கள். 90களில் குடும்பங்கள் வந்து சேர்ந்தபின், வாடகை குறைந்த, அறை கூடிய இடம் தேடிக் கிழக்கே நகர்ந்தோம். எக்ளிங்ரன், லோறன்ஸ், மார்க்கம் ரோட், மல்வேர்ண். கோயில்கள், நகைக்கடைகள், கொத்துரொட்டி. ரயில் எங்களுக்குப் பத்து வருடம் முன்னதாகவே வந்து நின்றது. அதனால் அதை நாங்கள் புதுமையாகப் பார்த்ததில்லை. இந்த நாட்டில் ரயில் என்றால் இப்படித்தான் இருக்கும்போல என்று ஏறிக்கொண்டோம்.

அதில் போனவர்களை நினைத்துப் பார்க்கிறேன். மிட்லண்ட் பக்கத் தொழிற்பேட்டைகளில் ஏஜென்சி மூலம் வேலைக்குப் போன அண்ணாமார், பின்னேர ஷிஃப்ட் முடிந்து சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துத் தூங்கிக்கொண்டு வருவார்கள். ஸ்காபரோ சென்ரரில் இறங்கி இன்னொரு பஸ் பிடித்துப் பல்கலைக்கழகம் போன அவர்களின் பிள்ளைகள். குளிருக்கு ஜக்கெற்றின் மேல் சால்வையும் போர்த்திய அம்மம்மாமார், தனியே பயணம் செய்யக் கற்றுக்கொண்ட முதல் பாதை இதுவாகவே இருந்தது, ஆறே நிலையம் என்பதால் தவறவிட வழியில்லை. எல்ஸ்மியரில் மட்டும் ஒருவரும் இறங்கமாட்டார்கள். ரொறன்ரோவின் நிலையங்களிலேயே ஆட்கள் மிகக் குறைவாகப் புழங்கியது அதுதான்.

மக்கவனுக்கு அப்பால் வடகிழக்கே மல்வேர்ண் வரை இந்த ரயில் நீளும் என்று 80களிலேயே பேச்சிருந்தது. நீளவில்லை. 2007இல் மேயர் டேவிட் மில்லர் கொண்டுவந்த பெருந்திட்டத்தில் அந்தக் கனவு மறுபடி எழுந்தது. நகரம் முழுவதும் இலகு ரயில் பாதைகள், எல்.ஆர்.ரி. பழுதடைந்துவரும் ஆர்.ரி.யை அகற்றி அதே பாதையில் எல்.ஆர்.ரி., அதை ஷெப்பர்ட் தாண்டி மல்வேர்ண் வரை நீட்டுவது. கெனடியிலிருந்து பல்கலைக்கழக ஸ்காபரோ வளாகம் வழியாக மல்வேர்ணுக்கு இன்னொரு பாதை. தமிழர் அடர்த்தியாக வாழும் பகுதிகளை அந்த வரைபடத்தின் மேல் வைத்துப் பாருங்கள். யாரோ நமக்காகவே கோடு போட்டதுபோல இருக்கும்.

2010 டிசம்பரில் பதவியேற்ற முதல் நாளே றொப் ஃபோர்ட் அந்தத் திட்டத்தைத் தூக்கிக் கடாசினார். ஸ்காபரோவுக்குச் சுரங்க ரயில்தான் வேண்டும் என்றார். அடுத்த நாலைந்து வருடங்கள் நகரசபையில் நடந்த இழுபறியை நாள்வாரியாகச் சொன்னால் இந்த இதழ் போதாது. 2012இல் சபை எல்.ஆர்.ரி.க்குத் திரும்பியது, மாகாணத்தோடு ஒப்பந்தமும் ஆனது. ஏழு நிலையங்கள், முழுச் செலவும் மாகாணத்துடையது. 2013 ஒக்ரோபரில் அதே சபை அதைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுரங்க ரயிலுக்கு வாக்களித்தது. நகரத்தின் பங்குக்காக வீட்டு வரியில் 1.6 சதவீதம் ஏற்றவும் உடன்பட்டது. பிறகு மூன்று நிலையம் ஒரு நிலையம் ஆனது. 2019இல் மாகாணம் முழுத் திட்டத்தையும் தன் கையில் எடுத்தபின் மறுபடி மூன்று நிலையம் ஆனது. 7.8 கிலோமீற்றர், லோறன்ஸ், ஸ்காபரோ சென்ரர், ஷெப்பர்ட் என்று மக்கவன் வீதியின் அடியில் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். மல்வேர்ணுக்கு ஒன்றும் போகவில்லை.

இங்கே ஒரு சொல்லின் வினையைச் சொல்லாமல் போக முடியாது. எல்.ஆர்.ரி. என்றதும் ஸ்காபரோவாசிகளின் மனதில் என்ன தோன்றியது? தாங்கள் தினமும் ஏறுகிற, பனி விழுந்தால் நின்றுவிடுகிற, படியேறி இறங்கி மாற வேண்டிய அந்தச் சின்ன ரயில். எழுத்துக்கள்கூட ஏறக்குறைய ஒன்றுதானே. உண்மையில் ஆர்.ரி. ஒரு எல்.ஆர்.ரி.யே அல்ல. அது எல்.ஆர்.ரி.யாக வேண்டியிருந்து, மாகாணத்தின் கட்டாயத்தில் வேறொன்றானது. 1981இல் தட்டிவிடப்பட்ட எளிய ட்ராமின் பெயரைக் கெடுத்தது, அதன் இடத்தில் வந்து குந்திய வண்டி. 'எங்களை இன்னும் எத்தனை காலம் இரண்டாந்தரமாக நடத்துவீர்கள்' என்ற கேள்விக்கு வாக்குக் கேட்டு வந்தவர்கள் சுரங்க ரயிலைப் பதிலாகக் காட்டினார்கள். கேள்வி நியாயமானது. நம் வீடுகளிலும் அதே பேச்சுத்தான். டவுண்ரவுண்காரனுக்கு நிலத்துக்குக் கீழே, எங்களுக்கு மட்டும் ரோட்டிலேயா? அந்தக் கோபத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கோபம் ஏழு நிலையத்தைக் கொடுத்து மூன்றை வாங்கியது. வாங்கியதும் இன்னும் கைக்கு வரவில்லை.

2023 நவம்பரில் ஆர்.ரி.யை மூடுவதாக ரி.ரி.சி. நாள் குறித்திருந்தது. ரயில் அதுவரை பொறுக்கவில்லை. ஜூலை 24ஆம் திகதி மாலை, எல்ஸ்மியருக்குத் தெற்கே கடைசிப் பெட்டி பாதையிலிருந்து கழன்றது. வண்டியில் 45 பேர் இருந்தார்கள். ஐந்து பேருக்குச் சிறு காயங்கள், உயிர்ச்சேதம் இல்லை. விசாரித்தபோது தெரியவந்தது, நடுத் தகட்டைப் பிணைத்திருந்த போல்ட்டுகள் தளர்ந்து, தகடு மேலெழுந்து வண்டியின் அடியில் முட்டியிருக்கிறது. ஒரு விரல் இடைவெளி. முன்பு சொன்ன அதே தகடு, அதே இடைவெளி. ஓகஸ்ட் 24இல் இனி ஓடாது என்று அறிவித்துவிட்டார்கள்.

தொழில்நுட்பமே பிழை என்று இதைப் படிப்பவர்கள் முடிவுகட்டக்கூடும். அங்கேதான் கதை சிக்கலாகிறது. இதே வண்டி, இதே தகடு, இதே ஆண்டு வன்கூவரிலும் வந்தது. 1986 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய ஸ்கைரெயின், 1985 டிசம்பரில் திறக்கப்பட்டது. அங்கே சாரதியே இல்லை. ஸ்காபரோவில் வண்டி தானாக ஓடினாலும் கதவு மூட ஓர் ஆளை உட்காரவைத்திருந்தோம். வன்கூவர்காரர்கள் அதை விடாமல் நீட்டினார்கள், புதிய பெட்டிகள் வாங்கினார்கள். ஆற்றைக் கடந்து சரே வரை போனார்கள். இன்று அந்த நகரம் அதில்லாமல் இயங்காது. பனி அங்கே குறைவு என்பது உண்மை. ஆனால் ஒரு பாதையை வளர்த்தெடுப்பதா, 'எப்படியும் இதை மாற்றப்போகிறோம்' என்று முப்பது வருடம் கைவிட்டு வைப்பதா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

மூன்றாவது பிரதி 1987இல் டெட்ரோயிட்டுக்குப் போனது. நகரின் நடுவே ஒரே திசையில் சுற்றிவரும் சிறு வளையம். பிறகு நிறுவனம் கைமாறி 1992இல் பொம்பார்டியேவிடம் சேர்ந்தது. அடுத்த பெரிய வாடிக்கையாளர், கோலாலம்பூர்.

1998இல் பொதுநலவாய விளையாட்டுப் போட்டிகளை நடத்திய கோலாலம்பூர், அந்த செப்ரெம்பரில் புத்ரா எல்.ஆர்.ரி.யின் முதற் பகுதியைத் திறந்தது. மறு ஆண்டு ஜூனில் இரண்டாம் பகுதி. இப்போது கெலானா ஜெயா பாதை. அங்கே இதை எல்.ஆர்.ரி. என்றே அழைக்கிறார்கள், ஒருவரும் சண்டைபிடிக்கவில்லை. மில்ஹேவன் வயல்வெளியில் ஓட்டிப் பார்த்த அதே நேர்கோட்டு மோட்டாரின் அடுத்த தலைமுறை, ஸ்காபரோவின் சுரங்கத்துக்குள் நுழைய முடியாத அந்த நீளமான பெட்டிகள், பெற்ரோனாஸ் கோபுரங்களின் அடியால் ஓடுகின்றன. எல்லாம் சுகமாக நடந்ததென்று இல்லை. நடத்திய தனியார் நிறுவனம் கடனில் மூழ்கி 2002இல் அரசு பொறுப்பேற்றது. 2021 மே 24இல் கே.எல்.சி.சி. அருகே சுரங்கத்துள் இரண்டு ரயில்கள் மோதி இருநூறுக்கு மேற்பட்டோர் காயப்பட்டார்கள். ஆனாலும் பாதை நீண்டுகொண்டே வந்தது. 2016இல் புத்ரா ஹைற்ஸ் வரை போய்ச் சேர்ந்தது.

அந்த ரயில் பங்சார் நிலையம் விட்டு கே.எல். சென்ரலை நெருங்கும்போது, பிரிக்ஃபீல்ட்ஸ் வருகிறது. கே.எல். சென்ரல் எழுந்து நிற்கும் நிலம் மலாயா ரயில்வேயின் பழைய வண்டித் தரிப்பிடம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த ரயில்வேயைத் தமிழர் இரண்டு வழிகளில் நடத்தினார்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்கள் தண்டவாளம் போட்டார்கள். யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்துப் போனவர்கள் கிளாக்கர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் இருந்தார்கள். பிரிக்ஃபீல்ட்ஸின் ரயில்வே குவாட்டர்ஸ்களில் குடியிருந்து, அருகில் கந்தசாமி கோயில் கட்டி, ஊருக்குக் காசனுப்பி, ஓய்வுபெற்றதும் 'மலாயன் பென்சன்காரர்' என்ற பட்டத்தோடு திரும்பிவந்து மாடிவீடு கட்டினார்கள். அவர்களில் திரும்பாதவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அங்கேயே இருக்கிறார்கள். நம்மில் எத்தனையோ பேருக்கு அப்படி ஒரு பெரியப்பாவோ பூட்டனோ உண்டு. ஸ்டேஷன் மாஸ்டரின் வாரிசு பங்சாரில் ஏறுவதும், 90களில் கனடாவுக்கு ஓடிவந்த அதே குடும்பத்தின் இன்னொரு கிளை கெனடியில் ஏறியதும், ஒரே மோட்டாரின் இரண்டு தலைமுறைகளில்தான். அவர்களுடையது ஓடுகிறது.

இதற்கிடையில் ரொறன்ரோவில் உண்மையான எல்.ஆர்.ரி. 2025 டிசம்பரில் ஃபிஞ்ச் மேற்கில் ஓடத் தொடங்கியது. மில்லர் காலத்துத் திட்டத்தில் தப்பிப் பிழைத்த ஒன்று. மெதுவாகப் போகிறது என்ற முறைப்பாடு முதல் வாரமே எழுந்துவிட்டது.

ஸ்காபரோவில் கெனடிக்கும் எல்ஸ்மியருக்கும் இடையில் பழைய பாதையைப் பஸ்களுக்கு மட்டுமான வீதியாக மாற்றும் வேலை நடக்கிறது. ஓய்வுபெற்ற பெட்டிகளில் சிலவற்றை டெட்ரோயிட் வாங்கிக்கொண்டது. அங்குள்ள வண்டிகளும் இதே வயது, இதே வார்ப்பு. அவற்றுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது அரிது.